உங்கள் வீதியில் இன்று

மருமகள் ஷோபாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் மல்லிகா ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "போன்ல சாமான் வாங்கறோமே, கடைசியா காசு கட்ற எடம் ஒண்ணு கீதே, அது எம்மருமக கட்டினது." கோயிலுக்கு மண்டபம் கட்டிக் கொடுத்தவளைப் பற்றிச் சொல்வது போல இருக்கும். ஷோபா காதில் விழாத மாதிரி உள்ளே போய்விடுவாள். உள்ளே போய்ச் சிரித்துக்கொள்வாள்.

மாமியார் சொன்னதில் தப்பில்லை. திருப்பதியில் அலிபிரிக்குப் போகும் சாலையில், ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் 'சிட்டிகெ' கம்பெனி இருந்தது. விரலைச் சொடுக்கும் நேரம் என்று தெலுங்கில் அர்த்தம். அரிசியோ பூவோ தலைவலி மாத்திரையோ, கேட்ட கொஞ்ச நேரத்தில் வாசலுக்கு வந்துவிடும். ஷோபா அங்கே டிசைனர். ஆப்பின் கடைசித் திரை, அதாவது செக்அவுட், அவள் பொறுப்பு.

அந்தத் திரையில்தான் ஜனங்கள் நின்றுவிடுகிறார்கள். கூடையை மளமளவென்று நிரப்புகிறார்கள். பணம் கட்டும் இடத்துக்கு வந்ததும் கை தயங்குகிறது. இது இப்போது அவசியமா, கடைக்கே போய் வந்துவிடலாமா என்று ஒரு யோசனை. அந்த யோசனைக்கு இடம் கொடுக்காமல் இருப்பதுதான் ஷோபாவின் சாமர்த்தியம். விலாசத்தை மறுபடி கேட்கக் கூடாது. பணம் கட்டும் பொத்தான் கட்டைவிரல் தானாக விழுகிற இடத்தில் இருக்க வேண்டும். ஒரு கையில் குழந்தையை வைத்திருக்கிற பெண் மறு கையாலேயே முடித்துவிட வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகச் செதுக்கிச் செதுக்கி, கடைசியில் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அதுதான்.

யோசனை சித்தூரிலிருந்து வந்தது. மாமியார் வீடு அங்கே, முட்டுச்சந்து ஒன்றில். மொத்தமே ஆறு வீடுகள். எல்லாம் நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து எப்போதோ வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள். ஒருத்தி மார்க்கெட்டிலிருந்து திரும்பினால் எதிர்வீட்டுக்காரி பையின் வாயை ஒரு விரலால் விலக்கி உள்ளே பார்ப்பாள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பார்க்காமல் போனால்தான் வருத்தம். ஒரு பையில் பிஞ்சுக் கத்திரிக்காய் இருந்தால் சாயங்காலத்துக்குள் ஆறு வீட்டிலும் அதே குழம்பு கொதிக்கும்.

பெங்களூரிலிருந்து வந்த ஆலோசகர்கள் முன்னால் ஷோபா இதைச் சொன்னாள். எங்கள் பக்கத்து ஜனங்கள் விளம்பரத்தைப் பார்த்து வாங்குவதில்லை, பக்கத்து வீட்டுப் பையைப் பார்த்து வாங்குகிறார்கள் என்றாள். அவர்கள் சிரித்தார்கள். பிறகு குறித்துக்கொண்டார்கள். அப்படித்தான் பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே ஒரு வரிசை வந்தது. 'உங்கள் வீதியில் இன்று' என்று தலைப்பு. வீதியில் மற்றவர்கள் அன்றைக்கு வாங்கிய சாமான்களின் சின்னச் சின்னப் படங்கள். யார் வாங்கினார்கள் என்ற பெயர் இருக்காது. படத்தைத் தொட்டால் அந்தச் சாமான் உங்கள் கூடையில் சேர்ந்துவிடும். நீங்களே வாங்கியது மட்டும் உங்கள் போனில் தெரியாது. கையில் இருப்பதை எதற்கு மறுபடி காட்டுவது? அந்த விதியையும் ஷோபாதான் எழுதினாள்.

திருப்பதியில் வரிசை நன்றாக ஓடியது. ஒவ்வொரு வீதியிலும் லாட்ஜுகள், அடுக்குமாடிகள், நூற்றுக்கணக்கில் ஆர்டர்கள். யார் என்ன வாங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லாரும் வாங்கினார்கள். அடுத்ததாகச் சித்தூர் என்று முடிவானபோது ஷோபாவைத்தான் அனுப்பினார்கள். வரைபடத்தில் மாமியாரின் சந்து தனி வீதியாகப் பிரிந்து கிடப்பதை அவள் பார்த்தாள். ஆறு வீடு. ஏதோ ஒன்று மனசில் தட்டியது. தட்டியதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று அவளுக்கு வேறு வேலைகள் இருந்தன.

சித்தூரில் ஆப் திறந்த நாள் ஒரு புரட்டாசி சனிக்கிழமை. சந்தில் அந்த மாதம் முழுக்கக் கறி, மீன், முட்டை எதுவும் வாசல்படி ஏறாது. சனிக்கிழமைகளில் மத்தியானம் தளிகை போட்டுப் பெருமாளுக்குப் படைக்கும்வரை யாரும் சாப்பிடவும் மாட்டார்கள். காலையிலேயே பெண்கள் எல்லாரும் கூட்டமாகக் கோயிலுக்குப் போய்விட்டார்கள். ஷோபா ஆபீஸ் வேலை என்று வீட்டில் இருந்தாள்.

ஊரில் ஆப் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பசித்தது. வெறும் வயிற்றுப் பசி இல்லை, குறிப்பாக ஒன்றின்மேல் பசி. திருப்பதி வீட்டில் அவளும் புருஷன் கிஷோரும் புரட்டாசியிலும் முட்டை சாப்பிடுவார்கள். அதில் வீம்பு ஒன்றும் இல்லை. கேட்க ஆளில்லை, அவ்வளவுதான். இங்கே முனைக்கடை முனிரத்தினத்திடம் போனால், பெரட்டாசில யாருக்கும்மா முட்டை என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்பான். போன் கேட்காது. தான் செதுக்கிய திரையில் தன் கட்டைவிரல் தானாகப் போய் விழுவதை அவள் ஒருவிதக் கர்வத்தோடு பார்த்தாள்.

முட்டை வந்தது. ஆம்லெட் போட்டு அடுப்புப் பக்கத்திலேயே நின்று சாப்பிட்டாள். ஓடுகளையும் மீதி முட்டைகளையும் காகிதத்தில் சுற்றித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். ஜன்னலைத் திறந்தாள். வாடை போகச் சாம்பிராணி போட்டாள். கோயிலிலிருந்து வந்த மல்லிகா வாசலிலேயே நின்று மூச்சை இழுத்து, வீடு எப்படி மணக்கிறது பாரு என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். மருமகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்றாள். ஷோபா தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

படையல் முடிந்து, சாப்பாடு முடிந்து, சந்தில் நிழல் விழுந்த நேரம். மூலை வீட்டு ரத்தினம்மா வாசல்படியில் உட்கார்ந்து, சாயங்கால விளக்குக்கு நெய் வாங்கப் போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். சந்தில் பெரிய வீடு அவளுடையது. வயதிலும் வாயிலும் அவளே மூத்தவள். எல்லார் போனிலும் ஆப்பைப் போட்டுக்கொடுத்தவள் மல்லிகா. மருமகளின் கம்பெனி ஆயிற்றே.

"ஏண்டி மல்லிகா," என்றாள் ரத்தினம்மா. "துளசி கீது, வெல்லம் கீது, கற்பூரம் கீது. அதும் பக்கத்துல முட்டை இன்னாத்துக்குடி வந்துகீது?"

மற்றவர்களும் போனை எடுத்தார்கள். எல்லார் போனிலும் அந்த வரிசை இருந்தது. ஒரு சாமான் கூடக் குறைய இருந்தாலும், பூஜைச் சாமான்களுக்கு நடுவில் வெள்ளை வெளேரென்று முட்டை. 'உங்கள் வீதியில் இன்று' என்று ஒருத்தி உரக்க வாசித்தாள். ஷோபா உள்ளே அதைக் கேட்டாள். தன் போனைத் திறந்தாள். அவள் வரிசையில் துளசியும் வெல்லமும் கற்பூரமும் இருந்தன. முட்டை இல்லை. அவள் எழுதிய விதி அப்படி.

முட்டை வந்து இறங்கியதை யாரும் பார்க்காததால், கோயிலுக்குப் போகாதவர்கள் யார் என்று வெளியே கணக்குப் பார்த்தார்கள். ஷோபா, பிறகு கௌசிகா. ஷோபாவை ஒருத்தியும் நினைக்கவில்லை. சாம்பிராணி போட்டவள் அவள். கௌசிகா ரத்தினம்மாவின் மாடி அறையில் குடியிருப்பவள். ஆற்காட்டுப் பக்கத்துப் பெண். ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கல்யாணம் ஆகவில்லை, தனியாக இருக்கிறாள், இரவு டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறாள். சந்துக்கு இது போதும்.

கூப்பிட்டதும் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி வந்தாள். விஷயம் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அவளுக்கு எதிராகப் போனது. நான் வாங்கவில்லை ஆன்ட்டி, காலையில் வந்து படுத்தவள் இப்போதுதான் எழுந்தேன் என்றாள். யாரும் நம்பாததைப் பார்த்து, தன் போனைத் திறந்து ரத்தினம்மாவிடம் நீட்டினாள். அவளும் ஆப் வைத்திருந்தாள். அதுவும் மல்லிகா போட்டுக்கொடுத்ததுதான்.

"என் போன்லயும் வந்துகீது பாருங்க ஆன்ட்டி. உங்க எல்லாருக்கும் வர மாதிரிதான வருது."

"வராம?" என்றாள் ரத்தினம்மா. "வாங்கினவ போன்ல வராம வேற யாரு போன்ல வரும்?"

எல்லாரும் சிரித்தார்கள். கதவோரம் நின்ற ஷோபாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தச் சந்திலேயே, ஏன், அந்த ஊரிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்: கௌசிகாவின் போனில் முட்டை தெரிகிறது என்றால் அவள் வாங்கவில்லை என்று அர்த்தம். குற்றம் என்று காட்டிச் சிரிக்கிற அதுதான் அவள் பக்கத்துச் சாட்சி. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, யார் போனில் இல்லை என்பது. ஆறு வீட்டுப் போனையும் வரிசையாகப் பார்ப்பார்கள். தன் போனைப் பிடித்திருந்த கையை ஷோபா முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கௌசிகா அவளைப் பார்த்துவிட்டாள். ஆள் கிடைத்த நிம்மதியோடு இரண்டு அடி அவள் பக்கம் வந்தாள்.

"அக்கா, நீங்கதான இத செஞ்சீங்க. நீங்களே சொல்லுங்க்கா. வாங்காதவங்களுக்கும் வருமில்ல?"

எல்லா முகங்களும் ஷோபா பக்கம் திரும்பின. மாமியாரின் முகம் பெருமையாக இருந்தது. என் மருமகள் சொல்லப்போகிறாள், கேளுங்கள் என்பது போல.

"பார்க்கணும்மா," என்றாள் ஷோபா. "சில நேரம் சிஸ்டத்துல தப்பா வரும். ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்."

தன் குரலைத் தானே கேட்டாள். ஆபீசில் கஸ்டமர்களுக்கு எழுதும் பதில்களின் குரல் அது. மரியாதையாக இருக்கும், ஒன்றும் சொல்லாது. கௌசிகா இன்னும் ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனை அணைத்துவிட்டு மாடி ஏறிப் போனாள்.

ஞாயிறு சாயங்காலமே ஷோபா திருப்பதிக்குத் திரும்பிவிட்டாள். திங்கட்கிழமை, கூட வேலை செய்யும் அஷ்வினிடம் முட்டையும் மாமிசமும் அந்த வரிசையில் வராமல் செய்துவிடச் சொன்னாள். ஏன் என்று கேட்டான். புரட்டாசி, ஜனங்கள் மனசு புண்படும் என்றாள். நல்ல யோசனை, உங்கள் ஊர் ஆள்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும் என்றான். மத்தியானத்துக்குள் முடித்துக் கொடுத்துவிட்டான். அவளுக்கு மனசு லேசானது. அன்று நன்றாகச் சாப்பிட்டாள். அந்த லேசான மனசை நினைத்தால் பிற்பாடு அவளுக்கு உடம்பு கூசும். ஒரு பெண்ணின் வழியை அடைத்துவிட்டு, அடைத்த சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது அது.

புதன்கிழமை மல்லிகா போன் செய்தாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: ரத்தினம்மா அந்தப் பெண்ணை அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள். புரட்டாசி முடிவதற்குள் போய்விட வேண்டும். அது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, தப்பு செய்யாதவளாக இருந்தால் பேசியிருப்பாளே என்றாள். ராத்திரி டியூட்டி பார்க்கிற தனிப் பெண்ணுக்குச் சித்தூரில் யார் சுலபத்தில் வீடு கொடுப்பார்கள் என்று ஷோபா கேட்டாள். அது அவள் பாடு என்றாள் மல்லிகா.

கிஷோரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முட்டைக்கா இவ்வளவு என்று சிரித்தான். ரெண்டு நாளில் மறந்துவிடுவார்கள், நீ போய் வாயைக் கொடுத்து அம்மா மானத்தை வாங்காதே என்றான். அவன் சொன்னதில் தப்பிக்க ஒரு வழி இருந்தது. அந்த வழியாகப் போய்விடலாம் என்று தன் மனசு எவ்வளவு ஆசைப்படுகிறது என்பதைத்தான் ஷோபா அன்று பார்த்தாள். தான் கெட்டவள் இல்லை என்று நினைத்திருந்தாள். கெட்டவளாக இருப்பதற்குப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று சொன்னால் போதும்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுச் சித்தூர் பஸ் ஏறினாள். பஸ்ஸிலேயே, அந்த வரிசையை எல்லா ஊரிலும் எடுத்துவிட வேண்டும் என்று ஆபீசுக்கு எழுதினாள். மேலே பேசித்தான் முடிவு செய்வார்கள் என்று அஷ்வின் பதில் போட்டான். அதற்கு மேல் அது அவள் கையில் இல்லை. கையில் இருந்தது வேறு.

ரத்தினம்மா தன் வீட்டு முன்கூடத்தில் மல்லிகாவோடு பூ கட்டிக்கொண்டிருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்ற மருமகளைப் பார்த்து மல்லிகா பதறிப்போனாள். ஷோபா உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வேறெங்கோ போய்விடும் என்று பயந்தாள்.

"பெரிம்மா, அன்னிக்கி முட்டை வாங்கினது நான்தான். கௌசிகா இல்ல."

ரத்தினம்மா நாரை விரலில் சுற்றியபடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவள் முகம் முழுக்கக் கனிந்துபோனது.

"பாத்தியா மல்லிகா. எவளோ செஞ்சத தன் தலமேல போட்டுக்கினு திருப்பதிலேர்ந்து பஸ் ஏறி வந்துகீது. இந்த மனசு யாருக்குடி வரும்?"

நிஜமாகவே நான்தான் என்றாள் ஷோபா. யார் போனில் முட்டை தெரிகிறதோ அவள் வாங்கவில்லை, யார் போனில் தெரியவில்லையோ அவள்தான் வாங்கினவள் என்று விளக்கப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து வந்தபோது அதுவே கட்டிச் சொல்கிற கதை மாதிரி இருந்தது. ரத்தினம்மா கையமர்த்தினாள். போதும்மா, நீ இவ்வளவு தூரம் வந்து கேட்டதால் அந்தப் பெண் இருந்துவிட்டுப் போகட்டும், உனக்காக விட்டுக்கொடுக்கிறேன் என்றாள். மல்லிகாவின் கண் கலங்கியிருந்தது. அது பெருமையில்.

கேட்க வந்தது கிடைத்துவிட்டது. கௌசிகாவுக்கு அறை உண்டு. மாமியாருக்கு மானம் உண்டு. ஷோபாவுக்கு நல்லவள் என்ற பெயர்கூட உண்டு. இனி அவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா நின்றால் போதும். அன்றைக்கும் கதவோரத்தில் சும்மாதான் நின்றாள். அந்த நிற்பின் சுகம் உடம்புக்கு அடையாளம் தெரிந்தது.

அவள் போனைத் திறந்து, தன் ஆர்டரை எடுத்து, ரத்தினம்மாவின் மடியில் பூவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் பெயர், சனிக்கிழமைத் தேதி, மல்லிகா வீட்டு விலாசம், முட்டைப் படம். ரத்தினம்மா போனைத் தூரப் பிடித்துப் பார்த்தாள், கிட்டப் பிடித்துப் பார்த்தாள். பிறகு மல்லிகாவிடம் கொடுத்தாள். மல்லிகா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சாம்பிராணி போட்டியேம்மா அன்னிக்கு," என்றாள் கடைசியில்.

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் ஷோபா தாங்கியிருப்பாள். பாதி கட்டிய சரத்தை அப்படியே போட்டுவிட்டு மல்லிகா எழுந்து, அவளைச் சுற்றிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். ரத்தினம்மா மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. இருந்த இடத்திலிருந்தே மாடியைப் பார்த்து, நீ வேற எங்கியும் வூடு பாக்காதம்மா, இங்கியே இரு என்று குரல் கொடுத்தாள்.

ஷோபா மாடி ஏறினாள். கௌசிகா துணிகளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். கீழே பேசியது எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும். வாங்கக்கா என்றாள். உட்காரச் சொல்லவில்லை. ஷோபா முட்டை விஷயத்தைத் திரும்பவும் சொன்னாள். மன்னிச்சுக்கோ என்றாள், அந்தச் சொல் வாய்க்குள் ரொம்பச் சின்னதாக இருந்தது.

கௌசிகா கையில் இருந்த துணியை மடித்து முடித்தாள்.

"முட்டை துன்னது ஒரு தப்பாக்கா? நானும்தான் துன்றேன், ஆஸ்பத்திரி கேன்டீன்ல. அத உடுங்க. நான் போன காட்டினேனே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா? நான் வாங்கலன்னு?"

ஷோபா இதற்குத் தயாராக வரவில்லை. முட்டையைச் சொல்லிவிட்டால் எல்லாம் சொன்னதாகிவிடும் என்று நினைத்திருந்தாள். அப்போது தெரியாது, ஆபீஸ் போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது என்று சொல்லலாம். இவளுக்குச் சரிபார்க்க வழியில்லை. உலகத்தில் யாருக்கும் வழியில்லை.

"தெரியும்," என்றாள்.

கௌசிகா தலையை ஆட்டினாள். ஆச்சரியப்பட்டவள் போல இல்லை. சந்தேகப்பட்டது சரியாகிவிட்டதில் ஒரு களைப்பு மட்டும் முகத்தில் தெரிந்தது. கூட வேலை செய்கிறவள் ஒருத்தி வீட்டில் ஓர் அறை இருக்கிறதாம், அங்கே போகிறேன் என்றாள். இங்கேயே இருக்கலாமே, இனி யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று ஷோபா கெஞ்சினாள்.

"அவங்க சொன்னதுக்குப் போவலக்கா. அவங்களுக்குத் தெரியாது, சொன்னாங்க. நீங்க தெரிஞ்சிக்கினு நின்னுக்கினு இருந்தீங்க. தெனம் நீங்க நின்ன அந்தக் கதவத் தாண்டித்தான நான் டியூட்டிக்குப் போவணும்."

பெட்டியை மூடி அதன்மேல் முழங்காலை வைத்து அழுத்தினாள். மூடவில்லை. ஷோபா உதவிக்குக் குனிந்தாள். கௌசிகா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, மறுபடி திறந்து, ஒரு சால்வையை வெளியே எடுத்தாள். இப்போது மூடியது.

"எந்தப் பக்கம்மா? புது வீடு?" என்று ஷோபா கேட்டாள். ஆட்டோ பிடித்துக் கொடுக்கலாம், கூடப் போய் இறக்கிவிட்டு வரலாம், ஏதாவது ஒன்று செய்யலாம் என்று இருந்தது.

கௌசிகா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கோபம் இல்லை.

"எந்த வீதின்னு மட்டும் கேக்காதீங்கக்கா," என்றாள்.

ஷோபா கேட்கவில்லை. படி இறங்கிச் சந்துக்கு வந்தாள். மாமியார் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போக வேண்டுமா, பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டுமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.